காவிரிக்கு அடியில என்ன இருக்கு?

மாடம்பாக்கத்துல இருந்து பேசுறேன். எபிசோடை ஏற்கெனவே கேட்டவங்களுக்கு ஒரு விஷயம்: பேசும்போது வந்த தடுமாற்றம், நடுவுல அடிச்ச குக்கர் விசில் எல்லாத்தையும் வெட்டிட்டு, படிக்கிறதுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் சரிபண்ணின வடிவம் இது.

இந்த எபிசோடுக்குக் காரணம் சேலையூர் பக்கத்துல இருந்து வந்த ஒரு மெயில். பிளஸ் டூ முடிச்ச தம்பி ஒருத்தர் எழுதியிருந்தார். அவருக்கு பெட்ரோலியம் இன்ஜினியரிங் படிச்சு, அதிலேயே ஆராய்ச்சி, பேராசிரியர் வேலைன்னு போகணும்னு ஆசை. மன்னார்குடி பக்கம் விவசாயம் பண்ற தாத்தா, "அந்தப் படிப்புக்குப் போனா என் வீட்டுப் படி ஏறாதே"ன்னு சொல்லிட்டாராம். "அண்ணா, தாத்தா சொல்றது சரியா?"ன்னு கேட்டிருந்தார். ரெண்டு வரியில பதில் போட்டிருக்கலாம். ஆனா இந்தச் சண்டை ஒரு குடும்பத்துச் சண்டை இல்லை. இதுக்கு கிட்டத்தட்ட 180 வருஷ வரலாறு இருக்கு.

நம்ம காலடியில இருந்தே தொடங்கலாம். எங்க ஏரியாவுல போர் போடற லாரி வந்தா முதல்ல செம்மண் வரும், அப்புறம் மக்கின பாறை, அப்புறம் 'கடக்'னு சத்தம் மாறும். சாம்பல் கலர்ல தூள் பறக்கும். அந்தக் கருங்கல்லுக்கு ஒரு பேர் இருக்கு: சார்னகைட். பல்லாவரம், பரங்கிமலை, தாம்பரம் எல்லாமே இந்தப் பாறைமேலதான் உட்கார்ந்திருக்கு. பேர் வந்த கதை விநோதமானது. கல்கத்தாவை நிறுவியவர்னு வெள்ளைக்காரங்க கொண்டாடின ஜாப் சார்னக்கோட சமாதிக்கல் நம்ம பக்கத்துல இருந்து போன கல். ஜியாலஜிக்கல் சர்வேயில இருந்த தாமஸ் ஹாலண்ட் 1893ல அந்தக் கல்லைப் பத்தி எழுதும்போது சமாதியில இருந்தவர் பேரையே பாறைக்கு வச்சிட்டார். இன்னைக்கு உலகத்துல எங்க இந்த வகைப் பாறை கிடைச்சாலும் அதே பேர்தான். பல்லாவரம் பாறைன்னு வச்சிருந்தா நமக்குக் கொஞ்சம் பெருமையா இருந்திருக்கும். அதே பல்லாவரத்துலதான் 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல் கோடாரியைக் கண்டெடுத்தார். இந்தியாவுல பழங்கற்கால ஆய்வே அங்கதான் தொடங்குது. அது தனி எபிசோட்.

இந்தப் பாறைக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம். பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல, பயங்கர வெப்பத்துல வெந்து உருவானது. அதனால மாடம்பாக்கத்துல எவ்வளவு தோண்டினாலும் பெட்ரோல் வராது. பெட்ரோல் உருவாகணும்னா முதல்ல செத்துப்போன நுண்ணுயிர்கள் சேறோட சேர்ந்து படியணும். அதுமேல வண்டல் அடுக்கடுக்கா ஏறி, அளவான சூட்டுல பல லட்சம், கோடி வருஷம் வேகணும். சூடு கம்மின்னா எண்ணெய் வராது, ரொம்ப ஜாஸ்தின்னா கேஸ் ஆயிடும், இன்னும் ஜாஸ்தின்னா எல்லாம் கருகிடும். வந்த எண்ணெய் தங்கறதுக்கு மணற்பாறை மாதிரி துளையுள்ள பாறை வேணும். மேல ஏறித் தப்பிக்காம இருக்க களிமண் பாறையில ஒரு மூடி வேணும். இதுல ஒண்ணு இல்லைன்னாலும் கதை முடிஞ்சது.

இந்த எல்லாமே சேர்ந்து இருக்கற இடம் நமக்குத் தெற்கே இருக்கு. கோண்டுவானா கண்டம் உடைஞ்சு, அன்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும் இந்தியாவைவிட்டு விலகினப்போ நம்ம கிழக்குக் கடற்கரை ஓரம் நீள நீளமா விரிசல் விட்டு, துண்டு துண்டா கீழ இறங்கிச்சு. அந்தப் பள்ளங்கள்ல கடல் நுழைஞ்சது, ஆறு வண்டல் கொட்டிச்சு. சில இடத்துல அஞ்சு கிலோமீட்டருக்கும் மேல வண்டல். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வயல்கள் எல்லாம் அதுமேல விரிச்ச பச்சைப் பாய் மாதிரி. இதுக்குப் பேர்தான் காவிரிப் படுகை.

பள்ளத்தோட மேற்கு ஓரம் மட்டும் வெளியே தெரியும். அரியலூர், பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்துல செம்பழுப்பு நிறத்துல அரிச்சுக் கிடக்கற மேடுகள் இருக்கு. ஒரு புத்தகத்தைக் குப்புற வச்சு, அதோட பக்க ஓரங்களை மட்டும் பாக்கற மாதிரி. டெல்டாவுக்கு அடியில கிலோமீட்டர் கணக்குல புதைஞ்சிருக்கற அந்தக் காலத்துப் படிவங்களை இங்க நடந்துபோய் தொடலாம். 1840கள்ல கே, கன்லிஃப்னு ரெண்டு பேர் இந்தப் பக்கத்துல இருந்து புதைபடிவங்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினாங்க. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846ல அதை விவரிச்சார். அடுத்த பதினஞ்சு வருஷத்துல ஹென்றி பிளான்ஃபோர்ட் ஊர் ஊரா அலைஞ்சு முழு வரைபடமே போட்டார். உட்டத்தூர், திருச்சி, அரியலூர்னு அடுக்குகளுக்கு அவர் வச்ச பேரை இன்னைக்கும் ஓஎன்ஜிசி ஜியாலஜிஸ்ட் பயன்படுத்தறாங்க. (வெதர் ரசிகர்களுக்கு: 1875ல தொடங்கின இந்திய வானிலைத் துறைக்கு முதல் தலைவரும் இதே பிளான்ஃபோர்ட்தான்.) அவங்க யாரும் எண்ணெய் தேடலை. அம்மோனைட் சுருள்களை வச்சு உலகத்துல எந்தெந்தப் பாறை ஒரே வயசுன்னு கண்டுபிடிக்கறதுதான் அவங்களுக்குக் குறி.

இங்கதான் நம்ம ஆள் வர்றார். மகாராஜபுரம் சீதாராமன் கிருஷ்ணன். மகாராஜபுரம்னு சொன்னதும் சங்கீதம் ஞாபகம் வரும். இவருக்கு ராகம் பாறையில. 1898ல பிறந்த தஞ்சாவூர்க்காரர். சென்னை பிரசிடென்சி கல்லூரியில ஜியாலஜி, அப்புறம் லண்டன் இம்பீரியல் காலேஜ், 1924ல ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவுல வேலை. அந்தக் காலத்துல அங்க உயர்பதவியில இந்தியர்களை விரல்விட்டு எண்ணிடலாம். 1851ல தொடங்கின அந்த நிறுவனத்துக்கு இந்தியர் ஒருத்தர் தலைவரா வர சரியா நூறு வருஷம் ஆச்சு. 1951ல வந்த அந்த முதல் இந்தியர் கிருஷ்ணன்தான்.

ஆனா என் பார்வையில அவரோட பெரிய வேலை அந்த நாற்காலி இல்லை. 1943ல அவர் எழுதின பாடப்புத்தகம். இந்தியாவும் பர்மாவும் சேர்ந்த நிலவியல் முழுசையும் ஒரே புத்தகத்துல கொண்டுவந்தார். பல பதிப்பு வந்தது. இந்தியாவுல ஜியாலஜி படிச்ச பல தலைமுறைக்கு அதுதான் கையேடு. சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, நூறு வருஷமா ஆளாளுக்கு எழுதின கோடுக்கு ஒருத்தர் உட்கார்ந்து ஒழுங்கா டாக்குமென்டேஷன் எழுதினார். அந்த வேலைக்கு யாரும் கைதட்ட மாட்டாங்க. ஆனா அது இல்லாம அடுத்த ஆள் ஒரு வரிகூட நகர்த்த முடியாது.

பின்னாடி அவர் தன்பாத்ல இந்தியன் ஸ்கூல் ஆஃப் மைன்ஸுக்கு இயக்குநரா இருந்தார், ஆந்திரா பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்தார், 1961ல ஹைதராபாத்ல தொடங்கின தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்துக்கு முதல் இயக்குநரும் ஆனார். தன்பாத் பள்ளி 1926ல நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஆரம்பிச்சது. அங்க பெட்ரோலியம் இன்ஜினியரிங் வந்தது 1957ல. ஏன் அப்போன்னா, அதுக்கு முந்தைய வருஷம்தான் ஓஎன்ஜிசி கமிஷனா உருவாச்சு. இந்தியாவுல அஸ்ஸாமைத் தாண்டி எண்ணெய் தேட வேண்டியதில்லைன்னு மேற்கத்திய கம்பெனிகள் சொல்லிட்டிருந்த காலம். கே.டி. மாளவியா சோவியத் நிபுணர்களைக் கூட்டிட்டு வந்தார். 1958ல குஜராத் காம்பே பக்கம் எண்ணெய் வந்தது, 1960ல அங்கலேஸ்வர். திடீர்னு நாட்டுக்கே நிலத்தடி தெரிஞ்ச ஆளுங்க தேவைப்பட்டாங்க.

காவிரிப் படுகையில என்ன நடந்தது? 1964ல காரைக்கால்ல முதல் ஆழ்துளைக் கிணறு. உடனே எண்ணெய் பீறிட்டு வந்து எல்லாரும் குளிச்சாங்கன்னு நினைச்சா, இல்லை. வணிக ரீதியா சொல்லிக்கற மாதிரி நரிமணம், கோவில்களப்பால்னு கிடைக்க 1980களின் நடுப்பகுதி ஆயிடுச்சு. இருபது வருஷம்! ஒவ்வொரு கிணறும் கோடிக்கணக்குல செலவு. ஒரு ஸ்டார்ட்அப்புக்கு இருபது வருஷம் பொறுமை காட்டற முதலீட்டாளர் யாராவது இருந்தா எனக்குச் சொல்லுங்க. நரிமணம் எண்ணெயை நம்பி நாகப்பட்டினம் பக்கத்துல 1993ல சின்னதா ஒரு சுத்திகரிப்பு ஆலையும் வந்தது.

அந்த இருபது வருஷத்துல செஞ்சது என்னன்னா, பார்க்காமலே பார்க்கறது. வயல்ல சின்ன ஓட்டை போட்டு வெடி வைப்பாங்க. அதிர்வு கீழ போய், ஒவ்வொரு அடுக்குலயும் மோதி, எதிரொலியா திரும்பி வரும். வரிசையா வச்சிருக்கற ஜியோஃபோன் அதைப் பதிவு பண்ணும். எத்தனை மில்லிசெகண்ட்ல திரும்பிச்சுங்கறதை வச்சு அடியில இருக்கற வடிவத்தை வரைவாங்க. கிணறு தோண்டினதும் ஒரு கருவியைக் கயிறுல கட்டி உள்ள இறக்கி, மீட்டருக்கு மீட்டர் மின்தடையை அளப்பாங்க. உப்புத்தண்ணி இருந்தா கரண்ட் நல்லா பாயும், எண்ணெய் இருந்தா பாயாது. ஷ்லம்பர்ஜே சகோதரர்கள் இதை முதல்ல செஞ்சு காட்டினது 1927ல, பிரான்ஸ்ல பெஷெல்ப்ரான்ங்கற எண்ணெய் வயல்ல. இதுக்குப் பேர் என்ன தெரியுமா? லாக். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா நாம எதைத் திறந்து பார்க்கறோமோ, அதே பேர்தான்.

இப்போ தாத்தாவோட கோபத்துக்கு வருவோம். அதுக்கு முதல்ல நெய்வேலி போகணும். 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் தன்னோட நிலத்துல கிணறு வெட்டினப்போ கறுப்பா ஏதோ வந்தது. 1940கள்ல ஜியாலஜிக்கல் சர்வே துளை போட்டுப் பார்த்தது. 1956ல நிறுவனம், 1957ல நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவச்சார், 1962ல மின்சாரம். ஆனா பழுப்பு நிலக்கரிக்கு அடியில ஒரு பிரம்மாண்டமான தண்ணி அடுக்கு இருக்கு. அது சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோட மேல தள்ளிட்டே இருக்கும். மேல இருக்கற மண்ணை எடுத்தா, கீழ இருந்து தண்ணி சுரங்கத் தரையையே உடைச்சுட்டு வந்துடும். அதனால சுத்தி கிணறு போட்டு ராப்பகலா பம்ப் பண்ணி அழுத்தத்தைக் குறைச்சுட்டேதான் தோண்டணும். பம்ப்பை நிறுத்த முடியாது. நம்ம வீட்டு ஃபேன் சுத்தறதுக்குப் பின்னாடி அந்தத் தண்ணி இருக்கு. நிலம் கொடுத்த ஊர்களும் இருக்கு. 2023 ஜூலையில வளையமாதேவியில கதிர் நிக்கற வயல்ல இயந்திரம் இறங்கின வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க.

2010ல மன்னார்குடி பகுதியில 691 சதுர கிலோமீட்டருக்கு நிலக்கரி மீத்தேன் எடுக்க ஒரு தனியார் கம்பெனியோட மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. நிலக்கரி அடுக்குல மீத்தேன் எப்படி இருக்கும்னா, தண்ணியோட அழுத்தத்தால நிலக்கரியோட ஒட்டிக்கிட்டு இருக்கும். அழுத்தத்தைக் குறைச்சாத்தான் கேஸ் விடுபடும். அழுத்தத்தைக் குறைக்க ஒரே வழி, அந்த அடுக்குல இருக்கற தண்ணியை வெளியே இறைக்கறது. டெல்டாக்காரங்ககிட்ட "நிலத்தடித் தண்ணியை இறைக்கப் போறோம்"னு சொன்னா என்ன ஆகும்? ஏற்கெனவே காவிரியில தண்ணி வராத வருஷம் போர்வெல்லை நம்பித்தான் நாத்து விடறாங்க. கடல் பக்கத்துல இருந்து உப்பு ஏறிட்டிருக்கு. நம்மாழ்வார் ஊர் ஊரா போய் இதைப் பேசினார். அந்தப் பிரசாரத்துக்கு நடுவுலதான் 2013 டிசம்பர் 30ஆம் தேதி பட்டுக்கோட்டை பக்கம் காலமானார். 2015ல தமிழக அரசு திட்டத்துக்குத் தடை போட்டது. 2017ல நெடுவாசல், கதிராமங்கலம். ஹைட்ரோகார்பன்ங்கற கெமிஸ்ட்ரி வார்த்தை டீக்கடைத் தமிழ் ஆனது அந்த வருஷம்தான். 2020 பிப்ரவரியில டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா அறிவிக்கற சட்டம் வந்தது. புதுசா எண்ணெய், எரிவாயு எடுக்கத் தடை. ஏற்கெனவே ஓடிட்டிருக்கற கிணறுகளை அது தொடலை.

அந்த நாட்கள்ல வந்த ஃபார்வர்டுகள்ல பாதி அறிவியலே கிடையாது. டெல்டா அப்படியே வெடிச்சிடும்னுகூட எனக்கு ஒண்ணு வந்தது. ஆனா தாத்தாக்கள் கேட்ட மையக் கேள்வி ஒண்ணு இருக்கு: "அடியில எடுத்தா மேல என் போர்வெல் என்ன ஆகும்?" இது பாமரக் கேள்வி இல்லைங்க. பெட்ரோலியம் இன்ஜினியரிங்கோட முதல் பாடமே இதுதான்.

அந்த முதல் பாடத்துக்குப் பேர் டார்சி விதி. ஹென்றி டார்சி எண்ணெய்க்காரர் இல்லை. பிரான்ஸ்ல டிஜான் நகரத்துக்குக் குடிதண்ணி கொண்டுவந்த இன்ஜினியர். மணல் வடிகட்டி வழியா தண்ணி எவ்வளவு வேகமா போகும்னு அளந்து 1856ல எழுதினார். அழுத்த வித்தியாசம் கூடினா ஓட்டம் கூடும், தூரம் கூடினா குறையும், மீதி அந்த மணலோட குணம். அவ்வளவுதான். இன்னைக்கு உலகத்துல எந்த எண்ணெய்ப் பாறையோட ஊடுருவும் திறனையும் 'டார்சி'ங்கற அலகுலதான் சொல்வாங்க. எண்ணெய்க் கம்பெனியோட சிமுலேஷன் சாஃப்ட்வேருக்கு உள்ள ஓடறது ஒரு குடிதண்ணி இன்ஜினியரோட சமன்பாடு. ரெண்டு அடுக்குக்கும் நடுவுல இருக்கற களிமண் எவ்வளவு தடிப்பு, எங்கெங்க விட்டுப்போயிருக்கு, எத்தனை வருஷத்துல மேல தண்ணிமட்டம் எவ்வளவு மாறும்: இதுக்கெல்லாம் தோராயமாவாவது பதில் சொல்ற கருவி இவங்ககிட்டதான் இருக்கு. ஊர்ல உட்கார்ந்து, தமிழ்ல, மேப்பை விரிச்சு வச்சு அந்தப் பதிலைச் சொல்ற வேலை போதுமான அளவு நடக்கலைங்கறது என் கருத்து. அது நடந்திருந்தாலும் மக்கள் வேண்டாம்னுதான் சொல்லியிருக்கலாம். அது அவங்க உரிமை. தெரிஞ்சு சொல்லியிருப்பாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால தம்பிக்கு என் பதில்: படிங்க. ஆனா வேலைச் சந்தையைப் பத்தி கண்ணைத் திறந்து வச்சுக்கோங்க. 2014 ஜூன்ல ஒரு பீப்பாய் 110 டாலருக்கு மேல. 2016 ஜனவரியில 30க்குக் கீழ. 2020 ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்காவுல விலை பூஜ்யத்துக்கும் கீழ, மைனஸ் 37 டாலர். உச்சத்துல சேர்ந்த பேட்ச் பள்ளத்துல வெளியே வந்து நின்னுச்சு. நாலு வருஷப் படிப்பு, விலை நாலு மாசத்துல மாறும். ஆராய்ச்சிப் பக்கம் போறவங்களுக்கு இந்த ஆட்டம் கொஞ்சம் கம்மி. ஏன்னா நிலத்தடியில கரியமில வாயுவை அடைச்சு வைக்கறது, பூமிச் சூட்டுல மின்சாரம், ஹைட்ரஜனைச் சேமிக்கறது எல்லாத்துக்கும் அதே டார்சி, அதே லாக்தான். நிலத்தடித் தண்ணி ஆராய்ச்சிக்கும் அதேதான். இதை மட்டும் தாத்தாகிட்ட தனியா சொல்லிப் பாருங்க. சொல்றதுக்கு முன்னாடி அவரோட போர்வெல் முப்பது வருஷத்துக்கு முன்னாடி எத்தனை அடி, இப்போ எத்தனை அடின்னு கேட்டு எழுதி வச்சுக்கோங்க. உங்களோட முதல் டேட்டா அதுதான்.

ரொம்ப தூரம்கூடப் போக வேண்டாம். மாடம்பாக்கத்துல இருந்து மேடவாக்கம் வழியா வேளச்சேரி போற ரோட்டுல, பள்ளிக்கரணையில தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு. நாம தினமும் டிராஃபிக்ல மாட்டிக்கிட்டு பாக்கற அதே காம்பவுண்டு. கடலடியில கேஸ் ஹைட்ரேட்னு ஒண்ணு உண்டு. பார்க்க ஐஸ்கட்டி மாதிரி இருக்கும், ஆனா தண்ணி மூலக்கூறு கூண்டுக்குள்ள மீத்தேன் சிக்கியிருக்கும். ஒரு கன மீட்டர் கட்டியில சுமார் 160 கன மீட்டர் கேஸ். நெருப்பு வச்சா பனிக்கட்டி எரியும். இதைக் கடலடியில தேட உதவற ரோசப் 6000ங்கற ஆளில்லா வாகனம் பள்ளிக்கரணைக்காரங்க உருவாக்கினது. 2010ல இந்தியப் பெருங்கடல்ல 5,289 மீட்டர் ஆழம்வரை போயிருக்கு. 2006ல ஜாய்டஸ் ரெசல்யூஷன் கப்பல் நம்ம கிழக்குக் கடலுக்கு வந்து, கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில ஒரே இடத்துல 128 மீட்டர் தடிப்புக்கு ஹைட்ரேட் இருக்கறதைக் கண்டுபிடிச்சது. அதுக்கு முன்னாடி எங்க துளை போடணும்னு நில அதிர்வு வரைபடத்துல தேடினவங்கள்ல கிருஷ்ணன் தொடங்கிவச்ச அந்த ஹைதராபாத் நிறுவனமும் உண்டு.

வெளியே எடுக்கறதுதான் இன்னும் யாருக்கும் வசப்படலை. அழுத்தத்தைக் குறைச்சா கூண்டு உடைஞ்சு கேஸ் வரும், மன்னார்குடியில சொன்ன அதே தத்துவம்தான். 2013 மார்ச்சுல ஜப்பான் தன்னோட நான்காய் பகுதிக் கடலடியில முயற்சி பண்ணிச்சு. உலகத்துலேயே முதல் தடவை. ஆறு நாள் கேஸ் வந்தது. அப்புறம் கிணத்துக்குள்ள மணல் ஏறி அடைச்சுக்கிச்சு, நிறுத்திட்டாங்க. போர்வெல் வச்சிருக்கற எந்த டெல்டா விவசாயிக்கும் அந்த நாள் எப்படி இருந்திருக்கும்னு விளக்கவே வேண்டாம்.